மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் மேயர்

மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில் மாநகராட்சிக் கட்டடத்தின் லிஃப்ட் நின்று இருபது நிமிஷம் ஆகியிருந்தது. உள்ளே மேயரம்மா, தன்னந்தனியாக.

லிஃப்ட் மெக்கானிக்கோ ஒவ்வொரு மாடியாகப் படியேறி, ஒவ்வொரு கதவாகத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர் மாதிரி.

பின்னாலேயே ஓடிய மேயரின் டிரைவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணே, அம்மா மாட்டியிருக்கறது மூணாவது மாடிக்கிட்ட. அஞ்சாவது மாடியில உங்களுக்கு என்ன வேலை?"

"எல்லாக் கதவும் சாத்தியிருக்கான்னு பாக்கறேன் தம்பி. ஒண்ணு திறந்திருந்தாலும் லிஃப்ட் கூண்டை நகர்த்தக் கூடாது."

"அம்மா பதினோரு மணிக்கு மீட்டிங்ல இருக்கணும்."

"தெரியும்."

தெரியாமல் என்ன? ஊரின் மாலை நேர இலவச ஆஸ்பத்திரியை மூடுவதா வேண்டாமா என்று அந்த மீட்டிங்கில்தான் ஓட்டெடுப்பு. மூட வேண்டும் என்பவர் மேயரம்மா. மூடவே கூடாது என்று தெருத்தெருவாக அலைந்து கையெழுத்து வாங்கியவர் இந்த மெக்கானிக். உறுப்பினர்கள் இரண்டு பக்கமும் சரிபாதி. அம்மா கையைத் தூக்கினால்தான் தீர்மானம் நிறைவேறும்.

டிரைவருக்கு விஷயம் விளங்கிவிட்டது.

இத்தனைக்கும் அவரும் மெக்கானிக்கும் ஒரே கிறிஸ்தவ சபை. ஞாயிற்றுக்கிழமை ஒரே பெஞ்சு. ஆனால் டிரைவருக்கு மேயரம்மா என்றால் உயிர். காரில் ஒரு சிலுவை தொங்கும். அதைவிட நாலு மடங்கு பெரிதாக அம்மாவின் படம் இருக்கும். அம்மாவைப் பற்றி யாராவது ஒரு சொல் குறைத்துப் பேசிவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது.

"வேணும்னே இழுக்கறீங்க. பைபிளும் கையுமா சபைக்கு வர்றவர் செய்யற காரியமாண்ணே இது?"

மெக்கானிக் அடுத்த மாடிக்கு ஏறினார். ஆறாம் மாடியில், எட்டிப் பார்க்கும் ஆசையில் யாரோ ஒரு புண்ணியவான் லிஃப்ட் கதவை நெம்பித் திறந்து நாற்காலியைச் செருகி வைத்திருந்தார். அதை உருவியெடுத்துக் கதவைச் சாத்தினார்.

"இந்தப் பள்ளத்துல ஒருத்தன் விழுந்திருந்தா? சரி, மேல வா. பிரேக்கைத் தளர்த்திப் பிடிக்க ஒரு ஆள் வேணும்."

மெஷின் அறையில் மெயின் சுவிட்சை அணைத்தார். டிரைவர் பல்லைக் கடித்துக்கொண்டு பிரேக் கம்பியை அழுத்திப் பிடிக்க, மெக்கானிக் பெரிய சக்கரத்தைக் கையாலேயே சுற்றினார். விரற்கடை விரற்கடையாகக் கூண்டு இறங்கியது. நடுநடுவே சுவரிலிருந்த போனில் குரல் கொடுத்தார்.

"அம்மா, இறங்கிட்டிருக்கீங்க. இப்ப ஒரு குலுக்கல் வரும், பயந்துடாதீங்க."

மூன்றாம் மாடிக்கு வந்து சாவி போட்டுக் கதவைத் திறந்தபோது மணி பத்து ஐம்பது. செருப்பைக் கையில் பிடித்தபடி, வேர்த்து விறுவிறுத்து, சிரித்துக்கொண்டே வெளியே வந்தார் மேயரம்மா.

"பத்து நிமிஷம் இருக்கும்மா. மீட்டிங் கீழ் மாடியிலதானே, படியிலேயே போயிடுங்க" என்றார் மெக்கானிக்.

மேயரம்மா அவரை உற்றுப் பார்த்தார்.

"அந்தக் கையெழுத்து ஆள் நீங்கதானே? மனுவுல என்னை அந்த வாங்கு வாங்கியிருந்தீங்களே."

"ஆமாம்மா."

"பதினொண்ணேகாலுக்குத் திறந்திருக்கலாமே. யார் கேக்கப் போறாங்க?"

"திறந்திருக்கலாம். அப்புறம் நாளைக்குக் காலையில உங்களுக்காக ஜெபம் பண்ண உட்கார்ந்தா நாக்கு எழும்பாதேம்மா."

"எனக்காகவா? நீங்க எனக்கு ஓட்டே போட்டிருக்க மாட்டீங்களே."

"போடலைதான். அடுத்த தடவையும் போடறதா இல்லை. ஓட்டு என் இஷ்டம். அதிகாரத்துல இருக்கறவங்களுக்காக ஜெபிக்கறது ஆண்டவர் சொன்னது. நீங்க ஜெயிச்ச நாள்லேர்ந்து, நாலு வருஷமா நடக்குது."

"அப்படி என்னதான் கேப்பீங்க?"

"உங்களுக்கு நல்ல தூக்கம் வரணும்னு கேப்பேன். நியாயம் தவறக் கூடாதுன்னு கேப்பேன். முகத்துக்கு நேரா உண்மையைச் சொல்ற நாலு பேராவது உங்க பக்கத்துல இருக்கணும்னு கேப்பேன்." கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "ஆஸ்பத்திரியை மூடறது தப்பும்மா."

மேயரம்மா வாய்விட்டுச் சிரித்தார்.

"என் மனசு இன்னும் மாறலை. ஆனா கீழே வந்து இதை எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. நீங்க பேசி முடிச்ச பிறகுதான் ஓட்டெடுப்பு."

கிரீஸ் சட்டையோடு எப்படி வருவது என்று ஒரு கணம் தயங்கிய மெக்கானிக், அடுத்த கணம் பாதிப் படி இறங்கியிருந்தார்.

மேயரம்மா டிரைவர் பக்கம் திரும்பினார். "நீங்களும் அதே சபைதானே? நீங்க எனக்காக என்ன கேப்பீங்க?"

டிரைவர் திருதிருவென விழித்தார். நாலு வருஷத்தையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். அவருக்காக ஜெபித்த நாள் ஒன்றுகூடத் தேறவில்லை.

"உங்களுக்கு எதுக்கும்மா ஜெபம்? எனக்குத் தெய்வமே நீங்கதானே."

மேயரம்மா செருப்பைக் கீழே போட்டுக் காலை நுழைத்தபடி கேட்டார்:

"எந்தத் தெய்வம்ப்பா நாற்பது நிமிஷம் லிஃப்டுல மாட்டிக்கிட்டு முழிக்கும்?"