மிலானின் பெயரில் ஒரு திருத்தம்

ஹட்டன் கடைவீதியில், மாடியிலுள்ள நெட் கஃபேயில் பகலிலேயே விளக்கு எரிகிறது. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி. கீழே நிற்கும் பஸ் தெரியவில்லை. "பொகவந்தலாவ, பொகவந்தலாவ" என்று கண்டக்டர் கூவுவது மட்டும் மேலே வருகிறது. அந்தப் பாதையில்தான் பஸ் பள்ளத்தில் கவிழ்ந்து மிலான் செத்துப்போனான். அடக்கம் முடிந்து ஒரு வாரம் ஆகிறது. அவனோடு கம்ப்யூட்டர் படித்த யூஜினா திரையின் முன் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில், ஈரக் குடையை மடியில் வைத்தபடி அவன் அம்மா தெரேசா. ஒரு கணினிக் கோப்பைக் கொடுத்தால் அது எந்த நிரல்மொழியில் எழுதியது என்று சொல்லும், யாரும் திருத்தி அனுப்பக்கூடிய திறந்தமூல மென்பொருள் ஒன்று, பெர்ல் மொழியைப் பிரோலாக் மொழி என்று தவறாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அதைத் திருத்த மிலான் எழுதிப் பாதியில் விட்ட வரிகளை யூஜினா முடித்து, எழுதியவன் என்று அவன் பெயரையே போட்டு, தன் கணக்கிலிருந்து நேற்று அனுப்பினாள். இப்போது பதில் வந்திருக்கிறது. வாசிக்கும்போதே மவுஸின் மேல் அவள் விரல் நின்றுவிடுகிறது.

"என்ன புள்ள போட்டிருக்காங்க?"

"நன்றி சொல்லியிருக்காங்கம்மா. ஆனா... இதே திருத்தத்த மிலானே அவன் கணக்குலருந்து இன்னிக்குக் காலையில அனுப்பிட்டானாம்."

கீழே காலையில் வந்த அந்த வரிகளும் இருக்கின்றன. கடைசி வரி மட்டும் யூஜினா எழுதியது இல்லை. அவளுக்குத் தோன்றாத அளவு எளிமையாக முடிந்திருக்கிறது. கம்ப்யூட்டருக்குள் விசிறி இரைகிறது. தெரேசா அழவில்லை. நாற்காலியை இழுத்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வருகிறாள்.

"பதில் போடு புள்ள. அவனுக்கு அங்க குளிருதான்னு கேளு."