சுவிட்ச் இருக்கும் வீடு

தமிழில் யாரேனும் ஓர் உதவி கேட்டுவிட்டால் மறுத்துச் சொல்ல நிருஷாவுக்கு வராது.

ஜேர்மனியின் எசன் நகர அருங்காட்சியகம் ஒன்றில் அவள் காவற்பணியில் இருந்தாள். மழையில் நனைந்து வரும் நம்மவர்களுக்காக, மூடும் நேரம் கடந்தும் கதவைத் திறந்து வைப்பாள்.

இப்போது அவளுடைய காவலில் இருந்ததோ ஓர் இருட்டறை.

நடுவே ஒரு கண்ணாடிப் பேழை. ஜேர்மன் படை ஆபிரிக்காவின் நமீபியாவை ஆண்ட நாளில், நாமா மக்களின் வீடொன்றிலிருந்து தூக்கி வந்த தோற்போர்வை அதனுள் இருப்பதாக வாசலில் எழுதியிருந்தது. பேழைக்குள் விளக்கும் உண்டு. அதன் சுவிட்ச் மட்டும் எசனில் இல்லை.

அந்த மக்களின் வழிவந்த கலைஞர் அன்னா, அதை நமீபியாவில் தம் வீட்டுச் சுவரில் பொருத்தியிருந்தார். பார்க்க விரும்புகிறவர் ஒலிவாங்கியில் அனுமதி கேட்க வேண்டும். அங்குள்ளவர்கள் மனம் வைத்தால் வெளிச்சம் வரும்.

அதுவே அவருடைய கலைப்படைப்பு.

“அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. இன்றைக்காவது கேட்டுப் பழகட்டும்” என்று அன்னா சொன்னபோது நிருஷாவுக்கு மெய்சிலிர்த்தது. வேறு வெளிச்சம் காட்டுவதில்லை என்று அவள் வாக்குக் கொடுத்தாள்.

திறந்த நாள் முதல், பலர் கேட்டும், அந்த விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை.

அன்று பார்க்க வந்திருந்த தமிழ்ச் சங்கத் தலைவர் அரியரத்தினத்துக்குப் பொறுமை போயிற்று.

“இருட்டுப் பாக்கவோ, பிள்ளை, நான் பஸ் ஏறி வந்தனான்? வீட்டிலை லைற்றை நூத்திட்டு இருந்திருக்கலாமே! எங்கட பிள்ளை காவலுக்கு நிக்கேக்கை ஒரு சின்ன வெளிச்சத்துக்கும் வழியில்லையோ?”

நிருஷா தயங்கினாள். பிறகு கைபேசியின் விளக்கைப் பேழைமீது பிடித்தாள்.

உள்ளே ஒன்றுமே இல்லை.

களவு போய்விட்டது! சொன்னால் வாக்கை மீறியது வெளிப்படும், வேலையும் போகும். சொல்லாவிட்டால் போர்வை போனது போனதுதான்.

அவள் ஒலிவாங்கியை எடுத்து, ஜேர்மன் மொழியில் ஒன்றும் மறைக்காமல் சொன்னாள்.

மறுமுனையில் அன்னா சிரித்தார். “பயப்படாதே. கண்காட்சி தொடங்குமுன்பே அது வீட்டுக்கு வந்துவிட்டது. இயக்குநருக்கும் எங்களுக்கும் மட்டுந்தான் தெரியும். என் அக்கா அதைப் போர்த்திக்கொண்டுதான் இங்கே இருக்கிறார்.”

பிறகு சேர்த்துச் சொன்னார்: “ஆனால், கேளாமல் பார்த்துவிட்டீர்கள்.”

அரியரத்தினம் கம்பளித் தொப்பியைக் கழற்றிவிட்டு ஒலிவாங்கியிடம் குனிந்தார்.

“அக்கா, பிள்ளையிலை குற்றமில்லை. நான்தான் நச்சரிச்சனான். பிழைதான். இப்ப கேக்கிறன், வெறும் பெட்டியெண்டாலும் பாக்கலாமோ?”

நிருஷா அதை ஜேர்மன் மொழியில் சொல்ல, அன்னா தம் மொழியில் அக்காவுக்குச் சொன்னார்.

ஒரே சொல்லில் பதில் வந்தது.

“இன்றைக்கு இல்லையாம்” என்றார் அன்னா.

“ஓம், அவவின்ரை விருப்பம்” என்று சொல்லிவிட்டு, அரியரத்தினம் அந்த வெறும் பேழைக்கு எதிரே, இருட்டில், வாங்குப் பலகையில் அமர்ந்து காத்திருந்தார்.