ஒரு கட்டுக் கீரை

"கீழ போடு அதை!"

வயல்காரர் போட்ட சத்தத்தில், வரப்பில் போய்க்கொண்டிருந்த சிட்டு திடுக்கிட்டு நின்றாள். கையில் துண்டால் கட்டிய ஆரைக்கீரை. காலையிலிருந்து மேல் வயலில் குனிந்து களை எடுத்தவள், வீட்டுக்குக் கிளம்பும்போது கீழ் வயலில் இறங்கிக் கிள்ளியது.

"என்னண்ணே, களைதானே? எப்பவும் எடுக்கிறதுதானே?"

"போடுன்னா போடு!"

போடும்வரை அவர் பொறுக்கவில்லை. கட்டைப் பிடுங்கிச் சேற்றில் எறிந்தார். எறிந்ததோடு விட்டாரா? ஏறி நின்று, ஒரு இலை வெளியே தெரியாமல் மிதித்தார்.

களை எடுக்க வந்த மற்ற பெண்கள் வாயில் கை வைத்து நின்றார்கள்.

சிட்டுவுக்குக் கண் கலங்கிவிட்டது. வாய் மட்டும் கலங்கவில்லை.

"மண்ணுல இருக்கிற புழுவுக்கெல்லாம் பாவம் பாக்கிறீங்க. என் புள்ளைங்களுக்கு ஒரு பிடி கீரை போனா உங்களுக்கு உசுரு போகுதா?"

அவருக்கு ஊர் வைத்த பெயரே மண்புழுக்காரர். உரம், மருந்து எல்லாவற்றையும் விட்டு மூன்று வருடம் ஆகிறது. ஓடு மாதிரி இறுகிக் கிடந்த மண் இப்போது கால் வைத்தால் கணுக்கால்வரை வாங்கும். அரிசி வாங்க யார் வந்தாலும் முதலில் ஒரு கை மண்ணை அள்ளி, நெளிகிற புழுவைக் காட்டுவார். அப்புறம்தான் பேச்சு. சாலையோரம் பலகைகூட உண்டு: 'விஷமில்லா அரிசி.'

அப்படிப்பட்ட மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். சாலையில் கார் ஹாரன் ஒலித்தது. அரிசி வாங்க வந்தவர்கள். தப்பித்தோம் என்பதுபோல் அந்தப் பக்கம் நடந்தார்.

மோட்டார் அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவிக்கு உடம்பே கூசியது.

"சிட்டு, இங்க வா. அவருக்கு இன்னைக்கு என்னமோ பிடிச்சிருக்கு. மனசுல வச்சுக்காதே."

"பரவாயில்லக்கா. கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு வேணாமா?"

"அவர் அந்தப் பக்கம் போயிட்டார்ல? நீ போய் வேணுங்கிறதைக் கிள்ளிக்கோ."

"அண்ணன் பாத்தா?"

"என்கிட்ட கேக்கச் சொல்லு. களையைக்கூடக் கொடுக்காத கஞ்ச வீடுன்னு எனக்குப் பேர் வேணாம்மா."

சிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். "நீங்க ஒருத்தி இருக்கீங்கன்னுதான்கா இந்த வயல்ல இறங்குறோம்" என்று கீழ் வயலுக்கு ஓடினாள்.

மனசு லேசாகி, மனைவி தேநீர்ப் பாத்திரத்தோடு அறைக்குள் போனாள். அதை மூட ஒரு சாக்கை இழுத்தாள்.

சாக்குக்குப் பின்னால் மருந்தடிக்கும் டாங்கி.

மூன்று வருடமாக ஆணியில் தொங்கி ஒட்டடை பிடித்துக் கிடந்தது. இப்போது ஒட்டடை இல்லை. குழாய் முனையில் ஈரம். பக்கத்தில் காலி பாட்டில் ஒன்று. களைக்கொல்லி. மூடியைத் திறக்க வேண்டியதே இல்லை, நாற்றம் மூக்கில் ஏறியது.

நேற்று சாயங்காலம் தண்ணீர் பார்க்கப் போகிறேன் என்று போனவர், திரும்பி வந்து இரண்டு முறை குளித்தார். சாப்பிடவில்லை. 'ஆள் பத்தல. களை பயிரை மூடிடுச்சு. கைவிட்டுப் போயிடும் போல' என்று ஒரு வாரமாகவே புலம்பிக்கொண்டிருந்தார். இன்று காலையில் பெண்களிடம், 'மேல் வயல் மட்டும் எடுங்கம்மா, கீழ் வயல்ல யாரும் இறங்க வேணாம்' என்றார்.

கீழ் வயல்.

பாத்திரம் உருண்டது. அவள் வரப்பில் ஓடினாள்.

சிட்டு சாலையில் ஏறப்போகும் இடத்தில்தான் பிடிக்க முடிந்தது. கட்டைப் பிடுங்கினாள். சேற்றில் போட்டாள். ஏறி மிதித்தாள்.

"வாயில ஏதாவது வச்சியா? ஒரு இலை?"

"இல்லக்கா... என்னக்கா ஆச்சு?"

"வீட்டுக்குப் போனதும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவு. காலையும் கழுவு. அப்புறம் புள்ளைங்களைத் தொடு."

சிட்டு சேற்றில் புதைந்த கீரையைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள்.

"நீங்களுமாக்கா?"

நாலடி தள்ளிப் பலகைக்குக் கீழே, மேல் வயல் மண்ணை உள்ளங்கையில் ஏந்தி நின்றிருந்தார் கணவர். காரில் வந்த அம்மாள் குனிந்து புழுவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க பேத்திக்கு வேற அரிசி கொடுக்கிறதே இல்லைங்க. உங்களை நம்பித்தான்..." என்றவள், சத்தம் கேட்டுத் திரும்பினாள். "என்னம்மா அங்க சண்டை?"

கணவரும் திரும்பினார். மிதிபட்ட கீரையையும் மனைவியின் முகத்தையும் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த மண் விரலிடுக்கில் வழிந்தது. வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

ஒரு வார்த்தை போதும். அது அவள் நாக்கு நுனிவரை வந்தது.

விழுங்கிக்கொண்டாள். பிறகு, கார்க்காரர்களுக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னாள்:

"ஆமாடி, நானும் கஞ்சம்தான்!"