விற்றுப்போன பெயர்

மூலக்குளத்து வாடகை வீட்டில் மத்தியானமே விளக்கு எரிகிறது. சுவரில் சவரிநாதனின் படம். அதன் கீழே சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பும், பக்கத்து மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக் கம்பெனி திருப்பிக் கொடுத்த அவனுடைய டிபன் பாக்ஸும். அதை இன்னும் யாரும் கழுவவில்லை. கூட வேலை பார்த்த தணிகாசலம் லேப்டாப்பின் முன் குனிந்திருக்கிறான். மெஷினில் சிக்கி இறந்தவனுக்கு நியாயம் கேட்டு வெப்சைட் தொடங்க வேண்டும். ‘சவரிநாதனுக்கு நீதி’ என்று ஆங்கில எழுத்தில் அடிக்கிறான். அந்தப் பெயரை ஏற்கெனவே யாரோ வாங்கிவிட்டதாகத் திரை சொல்கிறது. யாரென்று பார்க்க அந்த முகவரியையே திறக்கிறான். கம்பெனியின் பக்கம் விரிகிறது. மஞ்சள் ஹெல்மெட் போட்டவர்கள் வரிசையாகச் சிரிக்கிறார்கள். பின்னால் நிற்கும் சவரிநாதனின் மனைவி ஜெர்லின் பிடித்த பிடியில் பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகு முனகுகிறது.

“பேருக்கு நடுவுல ஒரு கோடு போட்டா கெடைக்கும் அண்ணி.”

“எதுக்குக் கோடு? செத்துப்போன மனுஷன் பேரக்கூடக் காசு குடுத்து வாங்கிப் பூட்டி வச்சிருக்கானுங்க. நாம சந்துல பூந்து போவணுமா?”

வில்லியனூர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போகிறது. அது அடங்கியதும் அவள் திரையைக் காட்டுகிறாள்.

“எம்பேரப் போடுங்க. ஜெர்லின் கேக்குறேன்னு போடுங்க.”

தணிகாசலம் அடிக்கிறான். பெயர் கிடைக்கும் என்று பச்சை எழுத்தில் வருகிறது. அவன் கையை விலக்கிவிட்டு அவளே எட்டி பட்டனை அழுத்துகிறாள்.

“பாத்தீங்களா தம்பி? நான் ஒருத்தி உயிரோட இருக்கேங்கறதே அவனுங்க நெனப்புல இல்ல.”