எத்தனை மடங்கு?

மாணவர்களைச் சுருக்கிச் சோதிக்கும் அளவுத் தேர்வு இந்த வருடம் ஆசிரியர்களுக்கும் வந்துவிட்டது. கடுகளவாகச் சுருங்கிய அருளப்பன் சார் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்றார். இயந்திரத்தை இயக்குபவள் செங்கமலம். உள்ளே இருப்பவர் வாயால் சொல்லும் மடங்கை அவள் அழுத்தினால், அத்தனை மடங்குதான் அது ஆளைத் திரும்பப் பெருக்கும்.

"பக்கத்துல என்ன சார் தெரியுது?"

"கடுகும்மா. என் தோள் உயரம் இருக்கு."

"அப்ப உங்களை எத்தனை மடங்கு பெருக்கணும்? கேள்வி போட்டவரே நீங்க, உங்களுக்கென்ன பயம்?"

"நூறு... ஐயோ, இல்ல இல்ல, ஆயிரம்! ஆயிரம்!"

செங்கமலம் நூறை அழுத்தினாள். சார் ஒரு சாண் உயரத்துக்கு வளர்ந்து நின்றுவிட்டார்.

"ஆயிரம்னு சொன்னேனேம்மா!"

"முதல்ல சொன்னதுதான் விடை, மறுதேர்வும் கிடையாதுன்னு போன வருஷம் எம் பொண்ணு பூவிழிகிட்ட சொன்னீங்களே சார். அவளும் நூறுன்னுட்டு உடனே திருத்தினா. பதினேழு வயசுப் பொண்ணு, பவுடர் டப்பா உயரத்துல வீட்டுல கிடக்குறா."

அவர் கைகூப்பினார். "என் சம்சாரத்துக்காவது ஒரு போன் போட்டுக் குடும்மா."

அவள் தன் போனை அவர் முன்னால் படுக்க வைத்தாள். அது அவர் நீளத்துக்கு இருந்தது.

"மேல ஏறி நின்னு காலால மிதிங்க சார். அவ அப்படித்தான் போடுறா."