என்னங்க

ஆறு மணிக்குள் எல்லாவற்றையும் அழித்தாக வேண்டும். ஆறு மணிக்கு நாத்தனார் வந்துவிடுவாள்.

கல்யாணமாகி மூன்றே வாரமான புதுப்பெண், போனை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கணவன், சிரிப்பை அடக்கத் தலையணையைக் கடித்துக்கொண்டிருந்தான்.

வினையை இழுத்து வைத்தது ஹாலில் இருக்கும் பேசும் ஸ்பீக்கர். மொபைல் கடையில் வேலை பார்க்கும் நாத்தனார் வாங்கி மாட்டியது. விளக்கைப் போடு, ஃபேனை நிறுத்து என்றால் செய்யும். ஆனால் முதலில் அதைக் கூப்பிட வேண்டும். கூப்பிடும் சொல்லை நாமே வைத்துக்கொள்ளலாம். அண்ணியைச் சீண்டுவதற்கென்றே அவள் வைத்த சொல், 'என்னங்க'.

அவ்வளவுதான். புதுப்பெண் கணவனைக் கூப்பிட்டபோதெல்லாம் கணவனுக்கு முந்திக்கொண்டு ஸ்பீக்கர் "சொல்லுங்க" என்றது. வீடே விழுந்து விழுந்து சிரித்தது. அவளும்தான் சிரித்தாள், இன்று மதியம் அந்தச் செய்தி வரும்வரை.

'அண்ணி, என்னங்கன்னு சொன்னதுக்கு அப்புறம் நீங்க பேசினதெல்லாம் அதுல பதிவாகியிருக்கு. சாயங்காலம் எல்லாருமா உக்காந்து கேக்கலாம்!'

என்னங்கவுக்கு அப்புறம் என்னென்ன பேசியிருக்கிறோம் என்பது அவளுக்குத்தானே தெரியும்! இருவரும் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். பகல் முழுக்க ஹாலில் உட்கார்ந்து தைக்கும் மாமியார், நல்லவேளையாக நூல் வாங்கக் கடைக்குப் போயிருந்தார்.

ஸ்பீக்கர் கணக்கின் பாஸ்வேர்டைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நாத்தனாரின் செல்லப்பெயரும் ஒன்று இரண்டு மூன்றும்தான். "ஊருக்கெல்லாம் போன் விக்கிறா, லட்சணத்தப் பாரு," என்றான் அண்ணன்காரன்.

இருநூற்றுப் பன்னிரண்டு பதிவுகள். மொத்தமாக அழித்திருக்கலாம். யாருக்கு மனசு வரும்? ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு அழித்தார்கள்.

'என்னங்க, அத்தை தூங்கிட்டாங்களா?' என்று தன் குரலே குழைந்து வந்தபோது அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அதற்கு ஸ்பீக்கர், 'இப்போது வெப்பநிலை இருபத்தொன்பது டிகிரி' என்று பதில் சொல்லியிருந்தது. அவன் கட்டிலிலிருந்து உருண்டே விட்டான்.

சட்டென்று அவள் சிரிப்பு நின்றது. சில பதிவுகளுக்கு நேரே பகல் பதினொரு மணி என்று போட்டிருந்தது. வேலை நாள். அந்த நேரத்தில் அவள் ஆபீஸில் அல்லவா இருப்பாள்?

"பதினோரு மணிக்கு உங்கள என்னங்கன்னு கூப்பிடுறது யாரு?"

"சத்தியமா எனக்குத் தெரியாதும்மா!" பாவம், அவனுக்கு வியர்த்துக் கொட்டியது.

இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு அவள் முதல் பதிவைத் தட்டினாள்.

மாமியாரின் குரல். பின்னால் தையல் மெஷின் ஓடும் சத்தம்.

"என்னங்க."

"சொல்லுங்க," என்றது ஸ்பீக்கர்.

"உங்க பையன் அப்படியே உங்கள உரிச்சு வச்ச மாதிரி இருக்கான். பொண்டாட்டி சமைக்கிற இடத்துல போய் நின்னு பாடுறான். அவ சிரிக்கிறா. எனக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கு."

"மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை."

"உங்களுக்கு என்னைக்குத்தான் புரிஞ்சிருக்கு?" மாமியார் சிரித்தார். மெஷின் மறுபடி ஓடியது.

மாமனார் இறந்து ஆறு வருடம் ஆகிறது.

கணவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மிச்சப் பதிவுகளை அவள் கேட்கவில்லை. கேட்காமலே அத்தனையையும் அழித்தாள். பாஸ்வேர்டை மாற்றினாள். இனிமேல் பதில் மட்டும் சொல்ல வேண்டும், எதையும் பதிந்து வைக்கக் கூடாது என்று ஸ்பீக்கரின் வாயை விட்டுவிட்டு ஞாபகத்தை மட்டும் கட்டினாள்.

கடைசியாக, 'கூப்பிடும் சொல்லை மாற்றவா?' என்று கேட்டது போன்.

வேண்டாம் என்பதைத் தட்டினாள்.

ஆறு மணிக்கு எல்லாரும் ஹாலில் இருந்தார்கள். புதுப்பெண் சமையலறையிலிருந்து தலையை நீட்டி, வீடே அதிரும்படி கணவனைக் கூப்பிட்டாள்.

"டேய்!"