முதல் பிரதி

ஆய்வேடுகளைப் பிரதி எடுத்து நூலகங்களுக்கு அனுப்பும் பிரிவுக்குள் அந்தப் பேராசிரியை நுழைந்ததுமே குமாஸ்தா சலித்துக்கொண்டார்.

"வாங்க மேடம். இந்த வருஷமும் உங்க ஆய்வேட்டைப் பூட்டியே வைக்கணுமா? அவனவன் தன் ஆய்வேட்டை யாராவது படிக்க மாட்டாங்களான்னு தவம் கிடக்கிறான். நீங்க என்னடான்னா, கேட்டவங்களுக்கும் கொடுக்காதேங்கிறீங்க!"

"இனிமே யார் கேட்டாலும் கொடுங்க."

குமாஸ்தா நிமிர்ந்தார். வீட்டுக்குள் அடி வாங்கும் பெண்களைப் பற்றிய ஆய்வு அது. அதில் பெயர் சொல்லாமல் பேசிய வயதான ஒருத்தியை அவள் கணவன் கண்டுபிடித்துவிடுவான் என்பதுதான் இத்தனை நாள் தடை.

"அந்தம்மா..." குரலைத் தாழ்த்தினார். "போய்ச் சேர்ந்துட்டாங்களா?"

"ஐயையோ, நல்லா இருக்காங்க. போன வாரம் அந்த வீட்டை விட்டே வெளியே வந்துட்டாங்க. எல்லாரும் படிக்கட்டும்னு அவங்களேதான் சொன்னாங்க. முதல் பிரதி அவங்களுக்குத்தான் வேணுமாம். வாசல்ல நிக்கிறாங்க."

"அடடா, உள்ளே கூப்பிடுங்க மேடம்!" அவசரமாக ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "இந்த வயசுல தனியா எங்கே தங்கியிருக்காங்க?"

"தனியா எதுக்கு?" பேராசிரியை கதவைத் திறந்தார். "பெத்த பொண்ணு நான் இருக்கும்போது?"